புல்லட்டுக்கு ஒரு இன்டேக் மேனிஃபோல்டு: ரெண்டாவது தடவை சரியா வந்துச்சு

எங்க வீட்டு புல்லட் 1996 மாடல், 350, பழைய காஸ்ட் அயர்ன் பேரல் இன்ஜின். அப்பா வாங்குனது. போன வருஷம் ஆடி மாசத்துல இருந்து அதுக்கு ஒரு கோளாறு. அதை சரி பண்ண ஒரு இன்டேக் மேனிஃபோல்டு, அதாவது கார்புரேட்டரையும் இன்ஜின் ஹெட்டையும் சேக்கற குழாய், நானே செஞ்ச கதை இது. காலைல ஒழுங்கா ஸ்டார்ட் ஆகும், டுப்பு டுப்புன்னு நிதானமா அடிக்கும், ஒரு அஞ்சு கிலோமீட்டர் ஓடி சூடேறுனதும் கோயம்புத்தூர் லட்சுமி மில்ஸ் சிக்னல்ல நின்னா ஐடில் (த்ராட்டிலை முறுக்காம இன்ஜின் சும்மா ஓடற வேகம்) தானா ஏற ஆரம்பிக்கும், ஏறிட்டே போயி திடீர்னு எறங்கி அணைஞ்சிடும். த்ராட்டிலை மூடுனா சைலன்சர்ல பட் பட்டுனு வெடி. பிளக்கைக் கழட்டிப் பாத்தா சுண்ணாம்பு பூசுன மாதிரி வெள்ளை. ஆனா அதே வண்டி அவினாசி ரோட்ல 70ல போறப்போ ஒரு குறையும் சொல்ல முடியாது.

இந்தக் கடைசி வரிதான் முக்கியமான துப்பு, எனக்கு அது புரியறதுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. பிளக் வெள்ளைன்னா பெட்ரோல் கம்மி, காத்து அதிகம். கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற சின்ன துளை, அதான் ஜெட், அடைச்சிருந்தா ஸ்பீடுலயும் தெரிஞ்சிருக்கணும். ஐடில்ல மட்டும் தெரியுதுன்னா கார்புரேட்டர் வழியா வராம வேற எங்கயோ இருந்து திருட்டுக் காத்து உள்ள வருது. ஐடில்ல த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியே இருக்கும், இன்ஜின் ஒவ்வொரு தடவையும் உறிஞ்சறதே கொஞ்சூண்டு, உள்ள வாக்குவம் பலமா இருக்கும், அப்போ தலைமுடி அளவு இடுக்கு இருந்தாலும் அது வழியா வர்ற காத்து மொத்தத்துல பெரிய பங்கு ஆயிடும். த்ராட்டிலை முழுசா திறந்தா கார்புரேட்டர் வழியாவே அவ்வளவு காத்து போகுது, அந்த இடுக்கு ஒரு பொருட்டே இல்ல.

கார்புரேட்டரைக் கழட்டி அதோட ஃபிளேஞ்ச் (ரெண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிட்டு இருக்கற, நட்டு போட்டு இறுக்கற தட்டை விளிம்பு) முகத்தை பழைய கண்ணாடித் துண்டு மேல கவுத்து வெச்சு லைட்டுக்கு எதிரா பாத்தேன். ரெண்டு காதும் கண்ணாடில உக்காந்திருக்கு, நடுவுல வெளிச்சம் தெரியுது. இடுக்கை அளக்கற ஃபீலர் கேஜ்ல 0.25 எம்எம் இலை சுலபமா உள்ள போயி வந்துச்சு. 350ல வர்ற 24 எம்எம் கார்புரேட்டர் நேரா ஹெட்ல ரெண்டு ஸ்டட்ல (தலையில்லாத போல்ட்) உக்காரும், நடுவுல ஒரு ஓ-ரிங். எங்கயாச்சும் லீக்குன்னு தெரிஞ்சா யாரா இருந்தாலும் நட்டை இன்னும் ஒரு சுத்து இறுக்குவாங்க. இறுக்க இறுக்க காது ரெண்டும் ஹெட் பக்கம் வளையும், நடு வில்லு மாதிரி எழும்பும், லீக் இன்னும் அதிகமாகும். இறுக்குறதே நோயாகிப் போற இடம் இது. அதை எமரி பேப்பர்ல தேச்சு சமம் பண்ணலாம், நானும் பண்ணியிருப்பேன், ஆனா யாரோ ஏற்கனவே ஒரு தடவை தேச்சிருக்காங்க, ஓ-ரிங் உக்காரற பள்ளமே பாதி ஆழந்தான் மிச்சம். போதாக்குறைக்கு காத்து வழியைத் திறந்து மூடற ஸ்லைடும் தேஞ்சு போயி பாடிக்குள்ள ஆடுது.

நண்பர் ஒருத்தர் வீட்டு அலமாரில ஒரு மிக்குனி விஎம்28, அதாவது 28 எம்எம் கார்புரேட்டர், சும்மா கிடந்துச்சு, நல்ல கண்டிஷன்ல. வேணும்னா எடுத்துக்கன்னார். பிரச்சினை என்னன்னா அது ஃபிளேஞ்ச் வெச்சது இல்ல, முன்னாடி உருண்டையா மூக்கு மட்டும் நீட்டிட்டு இருக்கும், வெர்னியர் வெச்சா வெளிவிட்டம் 35 எம்எம். ரப்பர் ஸ்லீவுக்குள்ள சொருகி கிளாம்ப் போடற டைப். அப்போ ஒரு பக்கம் ஹெட்டோட ரெண்டு ஸ்டட்டுக்கு ஃபிளேஞ்சு, இன்னொரு பக்கம் 35 எம்எம் குழாய், இப்படி ஒரு மேனிஃபோல்டு வேணும். ரெடிமேடா ஒன்னு வாங்கிப் பாத்தேன், அதோட ஓட்டை என் ஹெட்டோட போர்ட்டுக்கு (காத்து உள்ள போற வாய்) 2 எம்எம் கீழ உக்காந்துச்சு, விரலை விட்டா உள்ள படிக்கட்டு மாதிரி தட்டுது. திருப்பிக் கொடுத்துட்டேன். சரி, நாமளே செய்வோம்னு முடிவு பண்ணது அன்னிக்குத்தான்.

செய்யறதுக்கு முன்னாடி ஒரு கேள்விக்கு எனக்கு பதில் தெரியணும்னு இருந்துச்சு. 24 இருந்த இடத்துல 28 போடலாமா? இதுல நெறைய பேர் பெரிய கார்புரேட்டர் போட்டா பவர் ஏறும்னு சொல்லுவாங்க, கணக்கு போட்டுப் பாத்தா அப்படி நேரா இல்ல. இந்த இன்ஜினோட போர் (சிலிண்டர் விட்டம்) 70 எம்எம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி எறங்கற தூரம்) 90 எம்எம், மொத்தம் 346 சிசி. இங்கிலாந்துல ரெட்டிச்ல செஞ்ச 350 புல்லட், 1955ல மெட்ராஸ்ல கம்பெனி ஆரம்பிச்சு அப்புறம் திருவொற்றியூர்ல செஞ்ச வண்டிங்க, காஸ்ட் அயர்ன் இன்ஜின் கடைசி வரைக்கும் இந்த 70க்கு 90 மாறவே இல்ல. நீள ஸ்ட்ரோக், மெதுவா சுத்தற இன்ஜின். 3000 ஆர்பிஎம்ல பிஸ்டனோட சராசரி வேகம் செகண்டுக்கு 9 மீட்டர். சிலிண்டர் 70, குழாய் 24ன்னா பரப்பளவுல எட்டரை மடங்கு வித்தியாசம், அப்போ த்ராட்டில் முழுசா திறந்திருக்கறப்போ குழாய்ல காத்து சராசரியா 76 மீட்டர் வேகத்துல பாயுது. அதே இடத்துல 28 வெச்சா 56 மீட்டர்தான். காத்து வேகம் குறைஞ்சா ஜெட்ல இருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுக்கற பலமும் குறையும், துளி பெருசா வரும், குழாய் சுவர்ல ஈரமா ஒட்டும், கீழ் ஆர்பிஎம்ல முறுக்குனா ஒரு நொடி தயங்கும். புல்லட்டோட உயிரே அந்த கீழ் ஆர்பிஎம் இழுவைதான, அதை இழந்துட்டு மேல ரெண்டு கிலோமீட்டர் டாப் ஸ்பீடு எனக்கு வேண்டாம்.

என் ஹெட்டோட போர்ட் வாய் 26 எம்எம். அதனால மேனிஃபோல்டு கார்புரேட்டர் பக்கம் 28ல ஆரம்பிச்சு ஹெட் பக்கம் 26க்கு மெல்ல குறுகணும், கார்புரேட்டர்ல இழக்கற வேகத்துல கொஞ்சத்தையாவது வால்வுக்கு முன்னாடி திரும்பப் பிடிக்கலாம். குறுகறதும் திடீர்னு குறுகக்கூடாது, காத்துக்கு ஒரு தட்டுத் தடங்கலும் தெரியாம குறுகணும். 40 எம்எம் நீளத்துல 2 எம்எம்னு வெச்சுக்கிட்டேன்.

முதல் தடவை செஞ்சது தப்பாப் போச்சு. அதையும் முழுசா சொல்லிடறேன், இதைப் படிச்சிட்டு யாராச்சும் செய்யப் போனா அவங்களுக்கு உதவும்.

கணபதில எனக்குத் தெரிஞ்ச லேத்துப் பட்டறை ஒன்னு இருக்கு. அண்ணனுக்கு அம்பத்தஞ்சு வயசு இருக்கும், பம்ப் பார்ட்ஸ் கடைஞ்சே முப்பது வருஷம் ஓட்டுனவர். அவர் அன்னிக்கு ஊர்ல இல்ல, கல்யாணத்துக்கு போயிருந்தார். எனக்கு பொறுக்கல. பழைய இரும்புக் கடைல ஒரு அலுமினிய வார்ப்புத் துண்டும் ஒரு குழாய்த் துண்டும் எடுத்து, ஃபிளேஞ்சை நானே அறுத்து அரத்துல ராவி, முகத்தை கண்ணாடி மேல உப்புத்தாள் ஒட்டி தேச்சு பளபளன்னு சமம் பண்ணிட்டு, அப்புறம் ஆர்கான் வெல்டிங் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். வெல்டர் பாத்ததுமே "வார்ப்புல எண்ணெய் ஊறியிருக்கும்ங்க, கொப்புளம் வரும்"னு சொன்னார். பரவால்லைங்க அடிங்கன்னேன்.

அலுமினியத்தை வெல்டு பண்றதைப் பக்கத்துல இருந்து பாத்தா அது ஏன் இவ்வளவு கஷ்டம்னு புரியும். அலுமினியம் உருகறது 660 டிகிரில, ஆனா அது மேல எப்பவும் போர்வை மாதிரி மூடியிருக்கற ஆக்சைடு உருக 2000 டிகிரிக்கு மேல வேணும். உள்ள தண்ணியாகிட்டு மேல தோல் மட்டும் அப்படியே நிக்கும். அதனால ஏசி கரண்ட்ல அடிப்பாங்க, கரண்ட் ஒரு பக்கம் ஓடறப்போ அந்தத் தோல் பிஞ்சு விலகும், மறு பக்கம் ஓடறப்போ உலோகம் உருகும். அந்த பச்சை நெருப்புக்குக் கீழ மங்கலா இருந்த இடம் திடீர்னு கண்ணாடி மாதிரி பளிச்சுனு ஆகும், அந்த நொடிலதான் ஃபில்லர் ராடை தொடணும். புது பிளேட்டுல இது அழகா நடக்கும். என் பழைய வார்ப்புல கரும்புள்ளி கரும்புள்ளியா பொங்கி வந்துச்சு, அவர் ரெண்டு தடவை சாணை பிடிச்சு திரும்ப அடிச்சார். உலோகத்துல ஊறுன எண்ணெயும் ஈரமும் சூட்டுல பிரிஞ்சு ஹைட்ரஜனா வெளிய வரும், உருகுன அலுமினியம் அதை உள்ள இழுத்துக்கும், ஆறுறப்போ வெச்சுக்க முடியாம குமிழா விட்டுடும். வெளிய பாக்க தையல் நல்லா இருக்கும், உள்ள ஸ்பாஞ்சு மாதிரி.

வீட்டுக்கு வந்து ஃபிளேஞ்சை கண்ணாடில வெச்சா 0.3 எம்எம் வளைஞ்சிருக்கு. எந்த நோயை சரி பண்ணக் கிளம்புனேனோ அதே நோய், இன்னும் கொஞ்சம் அதிகமாவே. அலுமினியம் இரும்பை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், ஒரு பக்கம் மட்டும் சூடு பண்ணி ஆற விட்டா வளையாம என்ன செய்யும். வெல்டிங் முடிஞ்ச பிறகுதான் முகத்தை சமம் பண்ணணும், அதுக்குன்னு ஒரு ரெண்டு எம்எம் தடிமன் மிச்சம் விட்டு வெச்சிருக்கணும். நான் வரிசையை மாத்திட்டேன்.

லீக் இருக்கான்னு பாக்க அதை பஞ்சர் கடைக்கு எடுத்துட்டுப் போனது மட்டும் நான் சரியா பண்ண வேலை. ஃபிளேஞ்ச் பக்கம் ரப்பர் சீட் வெச்சு ஒரு தகடால மூடி போல்ட் போட்டு, குழாய்ப் பக்கம் ஒரு ஹோஸ் துண்டை மாட்டி அதோட மறு முனைல சைக்கிள் டியூப் வால்வு வெச்ச கட்டையை அடிச்சு கிளாம்ப் போட்டு, லேசா காத்து அடிச்சு தண்ணித் தொட்டில முக்குனோம். வெல்டு ஓரத்துல அஞ்சாறு இடத்துல ஊசி முனை அளவு குமிழ், வரிசையா, நிக்காம மேல வருது. கடைக்கார தம்பி குனிஞ்சு பாத்துட்டு "அண்ணா இது டியூப்பா இருந்தா தூக்கிப் போடச் சொல்லியிருப்பேன்"னான். எப்பாக்சி பூசி அடைக்கலாம்னு சிலர் சொல்லுவாங்க. பெட்ரோலும் சூடும் அதிர்வும் சேர்ந்த இடத்துல பசையை நம்பறது எனக்கு சரியாப் படல. ஒரு துணுக்கு பேந்து உள்ள போனா அது நேரா வால்வுக்குத்தான் போகும்.

ஒரு வாரம் கழிச்சு அண்ணன் பட்டறைக்கு அந்தத் துண்டை எடுத்துட்டுப் போயி டேபிள் மேல வெச்சேன். கைல எடுத்து உருட்டிப் பாத்தார்.

"ஏங் கண்ணு, வளைவு ஏதாச்சும் வேணுமா இதுல?"

"இல்லைங்ணா, நேர் குழாய்தான்."

"நேருன்னா வெல்டிங் எதுக்குங் கண்ணு? முழுக் கட்டைல கடைஞ்சிறலாம்ல? ஒட்டுனா ஒட்டுன இடம்னு ஒன்னு இருக்கும். கடைஞ்சா அந்த இடமே இருக்காது."

இது எனக்கு ஏன் தோணலைன்னு யோசிச்சுப் பாத்தேன். இதுவரைக்கும் நான் பாத்த மேனிஃபோல்டு எல்லாம் வார்ப்பு, இல்ல வெல்டு பண்ணது, அதனால அப்படித்தான் செய்யணும்னு மனசுல பதிஞ்சு போச்சு. 75 எம்எம் விட்டத்துல அலுமினிய ரவுண்டு ராடு ஒரு துண்டு அறுத்து வாங்கிட்டு வந்தேன், எடை முக்கால் கிலோவுக்கு மேல. அதுல இருந்து கடைசியா வெளிய வந்த மேனிஃபோல்டோட எடை 90 கிராம் சுமார். மீதி எல்லாம் சுருள்.

கடையறதுக்கு முன்னாடி அளவு. ஸ்டட் ரெண்டுக்கும் நடு தூரத்தை வெர்னியர்ல எடுக்க முடியும், ஆனா போர்ட் அந்த ரெண்டுக்கும் சரியா நடுவுல இருக்கும்னு நம்பக்கூடாது, ரெடிமேடு தோத்தது அதுனாலதான். அண்ணன் சொன்ன வழி பழைய வழி. ஸ்டட்டைக் கழட்டிட்டு ஒரு காலண்டர் அட்டையை ஹெட் முகத்துல வெச்சு பிடிச்சுக்கிட்டு, உருண்டைத் தலை சுத்தியலால போர்ட் ஓரத்தை சுத்தி மெல்ல தட்டிட்டே வரணும். அடிக்கக்கூடாது, தட்டணும். அட்டை கூர் விளிம்புல தானே வெட்டுப்பட்டு வட்டமா கழண்டு விழும். அதே மாதிரி ஸ்டட் ஓட்டை ரெண்டும். அட்டையை எடுத்துப் பாத்தா ஹெட்டோட முகம் அப்படியே கைல இருக்கும். என்னோடதுல போர்ட் நடுவுல இருந்து முக்கால் எம்எம் மேல இருந்துச்சு. அந்த அட்டையை இன்னும் வெச்சிருக்கேன், மாரியம்மன் படம் போட்ட காலண்டர்.

இன்னொன்னு, மரத்துல ஒரு மாதிரி செஞ்சு வண்டில வெச்சுப் பாத்துட்டேன். விஎம்28 பழசை விட உயரம், மேல் மூடில இருந்து கேபிள் வளைஞ்சு வர்ற இடம் டேங்க் அடிப்பக்கத்தை உரசுமான்னு பாக்கணும், பின்னாடி ஏர் ஃபில்டர் ஹோஸுக்கு எடம் இருக்கான்னும் பாக்கணும். 70 நினைச்சிருந்த நீளத்தை 63க்கு குறைச்சது அந்த மரத்துண்டை வெச்சுப் பாத்த பிறகுதான். நீளம் கூடுனா கீழ் ஆர்பிஎம்ல நல்லதுன்னு படிச்சிருக்கேன், உள்ள வர்ற காத்துத் தூணோட கனம் வால்வு மூடற நேரத்துல கொஞ்சம் கூட தள்ளும்னு. ஆனா புல்லட்ல அதுக்கெல்லாம் எடம் கிடையாது, கிடைக்கற எடத்துல ஒழுங்கா செஞ்சா போதும்.

லேத்துல அன்னிக்கு ரெண்டு மணி நேரம் பக்கத்துலயே நின்னேன். கட்டையோட ஒரு முனையை சக்குல பிடிச்சு, கார்புரேட்டர் பக்கம் வெளிய பாத்த மாதிரி வெச்சார். முதல்ல நடுவுல ட்ரில், அப்புறம் போரிங் டூல் விட்டு 26. அப்புறம் கார்புரேட்டர் பக்கம் 28 வர்ற மாதிரி சரிவா கடைய, டூலை சாய்வா ஓட்டற காம்பவுண்ட் ஸ்லைடை திருப்பணும். 40 எம்எம்ல பக்கத்துக்கு 1 எம்எம் குறையணும்னா கோணம் ஒன்றரை டிகிரிக்கு ஒரு மயிரிழை கம்மி. அண்ணன் டிகிரி கோடை நம்பல, டயல் கேஜை ஸ்லைடுல வெச்சு 40 ஓட்டுனா முள்ளு 1 நகருதான்னு பாத்து லாக் பண்ணார். அதுக்கப்புறம் கையாலதான் ஃபீடு, ரெண்டு கையும் மாறி மாறி அந்த சின்ன சக்கரத்தை நிறுத்தாம ஒரே வேகத்துல சுத்தணும், நிறுத்துனா அங்க ஒரு கோடு விழும். மண்ணெண்ணெயை பிரஷ்ல தொட்டு விட்டுட்டே இருந்தார், அலுமினியம் டூல் முனைல ஒட்டிக்காம இருக்க அதுதான் மருந்து. சுருள் வெள்ளி நூல் மாதிரி உள்ள இருந்து வந்துட்டே இருந்துச்சு, கடைசி கட்ல அது தூளா மாறுனப்போ அவர் காதை சக்கு பக்கம் சாச்சு சத்தத்தைக் கேட்டுட்டு "போதுங் கண்ணு"ன்னு டூலை வெளிய எடுத்தார்.

வெளிப்பக்கம் ஒரு சிக்கல் இருந்துச்சு, அதை மரத்துண்டு வெச்சப்போ நான் கவனிக்கல, அவர் கவனிச்சார். ஹோஸ் உக்காரற இடம் 35 எம்எம் இருக்கணும், அதே 35லயே ஃபிளேஞ்ச் வரைக்கும் போனா ஸ்டட் நட்டுக்கு ஸ்பானர் விட எடம் இருக்காது. அதனால ஃபிளேஞ்ச் கிட்ட வெளிவிட்டத்தை 32க்கு இறக்கி, அங்க உள்ள 26 இருக்கறதால சுவர் தடிமன் 3 எம்எம் நிக்கற மாதிரி பண்ணார். முனைல ஹோஸ் கழண்டு வராம இருக்க அரை எம்எம் உயரத்துக்கு ஒரு வரப்பு. உள், வெளி, ஃபிளேஞ்சோட முதுகு, எல்லாம் சக்கைக் கழட்டாம ஒரே செட்டிங்ல. ஒரே செட்டிங்ல பண்ணாத்தான் ஓட்டையும் முகமும் ஒன்னுக்கொன்னு மூலமட்டம் வெச்ச மாதிரி நிக்கும், கழட்டி மாட்டுனா எங்கயாச்சும் சாயும். அப்புறம் அறுத்து எடுத்து, ஓட்டைக்குள்ள சொருகிப் பிடிக்கற ஒரு மரக்கட்டை மாண்ட்ரல்ல மாட்டி ஹெட் பக்க முகத்துக்கு ஒரு மெல்லிய கட். ஃபிளேஞ்ச் தடிமன் 8.5 எம்எம் நின்னுச்சு.

உருண்டை ஃபிளேஞ்சை முட்டை வடிவத்துக்கு அறுத்து ராவறது என் வேலை, அதை வீட்ல ஞாயித்துக்கிழமை பூரா பண்ணேன். காலண்டர் அட்டையை ஒட்டி, ஸ்டட் ஓட்டை ரெண்டையும் அரை எம்எம் பெருசா போட்டேன், மாட்டுறப்போ நகர்த்தி சரி பண்ண எடம் வேணும்ல. உள் சுவரை 120 நம்பர் உப்புத்தாளோட நிறுத்திட்டேன், கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணல. கார்புரேட்டர் வண்டில இந்த வழியா வர்றது வெறும் காத்து இல்ல, ஈரக் காத்து. சுவர் கொஞ்சம் சொரசொரன்னு இருந்தா ஒட்டுன பெட்ரோல் படலம் பிச்சுக்கிட்டு காத்தோட போகும்.

முகத்தை கடைசியா கண்ணாடி மேல 400 நம்பர் தாள் வெச்சு எட்டு மாதிரி சுத்தி சுத்தி தேச்சு, கண்ணாடில மார்க்கிங் ப்ளூ (எங்க படுதுன்னு காட்டற நீல மை) தடவி அது மேல வெச்சு எடுத்தேன், நீலம் முழு முகத்துலயும் ஒரே சீரா ஒட்டுச்சு. 0.05 எம்எம் ஃபீலர் எந்தப் பக்கமும் போகல. அந்த நீலத்தைப் பாத்தப்போ எனக்குள்ள ஏற்பட்ட நிம்மதியை எப்படி சொல்றதுன்னு தெரியல. ரெண்டு மாசமா அந்த ஒரு இடுக்கைத்தான் தேடிட்டு இருந்தேன்.

மாட்டுறதுல மூணு விஷயம். ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல 5 எம்எம் ஹைலம் சீட்டுல (சூட்டை லேசுல கடத்தாத பிசின் பலகை) ஒரு தடுப்பு வெட்டி வெச்சேன், ரெண்டு பக்கமும் மெல்லிசா பேப்பர் கேஸ்கெட். ஓடறப்போ பெட்ரோல் ஆவியாகறதால இந்தக் குழாய் குளுகுளுன்னுதான் இருக்கும், வண்டியை நிறுத்துன அப்புறந்தான் ஆபத்து, ஹெட்ல தேங்குன சூடு மெல்ல ஏறி வந்து ஃப்ளோட் சேம்பர்ல (கார்புரேட்டர் அடில பெட்ரோல் தேங்கற கிண்ணம்) பெட்ரோலை கொதிக்க வெச்சிடும், டீ குடிச்சிட்டு வந்து கிக்கர் அடிச்சா ஸ்டார்ட் ஆகாது. ரெண்டாவது, சிலிகான் கேஸ்கெட் பசை போடல. சாதாரண சிலிகான் பெட்ரோல்ல ஊறி உப்பும், பிஞ்சு உள்ள போகும். முகம் சமமா இருந்தா பேப்பரே போதும். மூணாவது, நட்டு இறுக்கறதுக்கு முன்னாடி அண்ணன் கடைஞ்சு கொடுத்த 26 எம்எம் நைலான் பிளக்கை மேனிஃபோல்டு வழியா போர்ட் வரைக்கும் சொருகி ரெண்டையும் ஒரே நேர்ல நிறுத்திட்டு, நட்டை மாத்தி மாத்தி கால் கால் சுத்தா, சின்ன ஸ்பானர்ல, மணிக்கட்டு பலத்துல மட்டும் இறுக்குனேன். தோள் பலம் இங்க வேண்டாம்.

ரப்பர் ஸ்லீவுல இன்னொரு தப்பு பண்ணேன். கார் ரேடியேட்டர் ஹோஸ் ஒரு துண்டு சரியா 35க்கு கிடைச்சுது, கனமா துணி வெச்சு நல்லா இருந்துச்சு, மாட்டிட்டேன். மூணு வாரத்துல அது வீங்கி கொழகொழன்னு ஆகி கிளாம்பைத் தாண்டி பிதுங்குது. ரேடியேட்டர் ஹோஸ் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர், அது சுடு தண்ணிக்கு பிறந்தது, பெட்ரோலுக்கு ஆகவே ஆகாது. பெட்ரோல் படற இடத்துக்கு நைட்ரைல். பெட்ரோல் டேங்க் வாய்க்குப் போடற பெரிய ஃபில்லர் ஹோஸ்ல இருந்து ஒரு துண்டு வெட்டி மாட்டுனேன், நடுவுல மேனிஃபோல்டுக்கும் கார்புரேட்டர் மூக்குக்கும் 2 எம்எம் மட்டும் இடைவெளி விட்டு. அந்த ரெண்டு எம்எம் ரப்பர்தான் இன்ஜினோட அதிர்வை கார்புரேட்டருக்குப் போகாம தடுக்குது. ஒத்தை சிலிண்டர், 90 எம்எம் ஸ்ட்ரோக், இரும்போட இரும்பா இறுக்கிக் கட்டுனா ஃப்ளோட் சேம்பர்ல பெட்ரோல் நுரைச்சுப் போகும், மட்டம் தப்பும்.

ஜெட் விஷயம் ஆளுக்கு ஆள், வண்டிக்கு வண்டி மாறும், என் நம்பரை அப்படியே எடுத்துக்காதீங்க. நண்பர்கிட்ட இருந்து வந்தப்போ மெயின் ஜெட் 120 இருந்துச்சு, என் 350க்கு பிளக் கரியாப் போச்சு, 110, அப்புறம் 105ல நின்னேன். ஐடிலுக்கான பைலட் ஜெட் 25ல இருந்து 22.5. ஏர் ஸ்க்ரூ ஒன்றரை சுத்துல ஐடில் நல்லா நிக்குது, விஎம் கார்புரேட்டர்ல இந்த ஸ்க்ரூ காத்துக்கு, வெளிய திருப்புனா லீன் ஆகும், அதாவது காத்து கூடி பெட்ரோல் கம்மியாகும், இதுல நெறைய பேர் குழம்புறாங்க. ஹேண்டில் க்ரிப்ல வெள்ளை டேப் ஒட்டி கால், அரை, முக்கால்னு பேனால கோடு போட்டுக்கிட்டேன். கால் த்ராட்டில் வரைக்கும் பைலட்டும் ஸ்லைடும், நடுவுல ஸ்லைடுல தொங்கற ஊசி, அதான் நீடில், முக்காலுக்கு மேல மெயின், எந்தக் கோட்டுல தயங்குதோ அங்க கை வைக்கணும். இப்போ பெட்ரோல் பங்க்ல கிடைக்கற 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதே காத்துக்கு கொஞ்சம் கூடுதலா பெட்ரோல் தேவை, அதனால நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழ எறக்கி நீடிலைத் தூக்கி விட்டேன். பிளக் காபிப்பொடி நிறத்துக்கு வந்துச்சு.

சோதனைக்கு வால்பாறை போனேன். ஆழியாறுல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு, ரெண்டாவது கியர்ல மெதுவா, சூடு ஏறிட்டே இருக்கும், காத்தும் பெருசா அடிக்காது, ஒரு இடுக்கு இருந்தாலும் காட்டிக் கொடுக்கற ரோடு. ஒன்பதாவது வளைவுல லோம்ஸ் வியூ பாயிண்ட்ல நிறுத்தி கீழ டேமைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன், பத்து நிமிஷம், வேணும்னேதான். மேனிஃபோல்டைத் தொட்டுப் பாத்தா கை வெக்க முடியற சூடு, ஹைலமுக்கு அந்தப் பக்கம் ஹெட்ல விரலே வெக்க முடியல. சிலிண்டர் அழுத்தத்தை வெளிய விடற டீகம்ப்ரஸரை இழுத்து பிஸ்டனை நகத்திட்டு ஒரே கிக். டுப்பு... டுப்பு... டுப்பு. ஏறல, எறங்கல. ஒரு நிமிஷம் அப்படியே கேட்டுட்டே நின்னேன், பக்கத்துல குரங்கு ஒன்னு டேங்க் பேகை இழுக்கற வரைக்கும்.

14வது வளைவுக்கு மேல இடது கை பக்கம் ஏறுறப்போ கீழ் ஆர்பிஎம்ல முழுசா முறுக்குனா ஒரு சின்ன விக்கல் இருக்கு, அது 28 எம்எம்முக்கு நான் கொடுக்கற விலை. மெல்லத் திறந்தா இல்ல. கை அதுக்குப் பழகிருச்சு. மைலேஜ் பழைய லீக் வண்டில 28 கிடைச்சுட்டு இருந்தது, இப்போ டேங்க் டு டேங்க் 34.

4000 கிலோமீட்டர் ஆன பிறகு போன மாசம் கழட்டிப் பாத்தேன். கண்ணாடி மேல வெச்சேன், வெளிச்சம் தெரியல. கேஸ்கெட்ல ரெண்டு பக்கமும் முகத்தோட அச்சு சீரா பதிஞ்சிருக்கு. உள் சுவர்ல ஜெட் பக்கமா ஒரு லேசான பழுப்பு நாக்கு மட்டும், பெட்ரோல் எந்தப் பக்கம் சாஞ்சு ஓடுதுன்னு அது காட்டுது. ரப்பர் ஸ்லீவுல மட்டும் கிளாம்ப் ஓரத்துல, அடிப்பக்கத்துல, கண்ணை சுருக்கிப் பாத்தா தெரியற மாதிரி ஒரு கீறல் ஆரம்பிச்சிருக்கு. கிளாம்பை அளவுக்கு மேல இறுக்கியிருக்கேன்னு அர்த்தம். அதே ஹோஸ்ல இன்னும் ரெண்டு துண்டு வெட்டி, முனையை சாணைல சமம் பண்ணி, ஒரு சின்ன டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரோட சேத்து டூல் பாக்ஸ்ல போட்டு வெச்சிருக்கேன்.